விண்ணப்பம் நிரப்பித் தரும் ஒரு கொமினிகேஷன் கடை: கிளிநொச்சியிலிருந்து ஒரு மதிப்பீடு

கிளிநொச்சியில் கச்சேரி என்று சொல்லப்படுகின்ற மாவட்டச் செயலகத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ அலுவலாகப் போகின்றவர்கள், அங்கே போவதற்கு முன்னர் ஏறி இறங்க வேண்டிய இடம் கொமினிகேஷன் கடையாகும். படிவத்தை எடுப்பதும், அதை நிரப்புவிப்பதும், இணைக்க வேண்டிய பிரதிகளைப் பிடிப்பதும், இணையத்தில் பதிவதும் அங்கேதான் நடக்கின்றன. படித்த ஒருவருக்கு இது சில நிமிட வேலை. இடம்பெயர்வினால் பள்ளிப் படிப்பை இழந்தவர்களுக்கும், கணவன் இல்லாமல் குடும்பத்தைத் தனியே கொண்டு நடத்துகின்ற பெண்களுக்கும், படிவத்தின் மொழியே விளங்காத முதியவர்களுக்கும் அப்படியல்ல. அவர்களைப் பொறுத்தவரை, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கின்ற கடைக்காரர் எப்படிப்பட்டவரோ அப்படிப்பட்டதாகவே அரசாங்கமும் அமைந்துவிடுகின்றது.

இரணைமடுச் சந்தியிலிருந்து உள்ளே செல்கின்ற வீதியொன்றில் இருக்கும் ஒரு சிறிய கொமினிகேஷன் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் நினைத்ததற்கு இதுவே காரணம். கடை ஓர் அம்மாவுக்குச் சொந்தமானது. காலையில் அவர் போட்டோக் கொப்பியும் தொலைபேசி ரீலோட்டும் பார்த்துக்கொள்கின்றார். மாலை 4 மணிக்குப் பின்னரும் சனி, ஞாயிறு தினங்களிலும் அவருடைய மருமகள் முறையான ஒரு மாணவி மேசைக்கு வருகின்றார். அவர் அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கின்றார். தன்னுடைய பெயரையோ கடையின் பெயரையோ எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்க்கின்றேன். நான் எங்கள் கிராமத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். எனது சொந்த அலுவல்களை விட அங்கத்தவர்களின் அலுவல்களுக்காகவே அங்கே அதிகம் போயிருக்கின்றேன். எழுத வாசிக்கச் சிரமப்படுகின்ற பலரைக் கூட்டிச் சென்று, பக்கத்தில் இருந்து பார்த்தவற்றையே இங்கே பதிவு செய்கின்றேன்.

முதலில் விலையைச் சொல்ல வேண்டும். வாசலிலேயே, உள்ளே வருவதற்கு முன்னர் வாசிக்கக்கூடிய உயரத்தில், தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் ஒரு விலைப்பலகை தொங்குகின்றது. போட்டோக் கொப்பி ஒரு பக்கம் 15 ரூபாய், இரண்டு பக்கமும் எடுத்தால் 25 ரூபாய், படிவம் நிரப்புவதற்கு 100 ரூபாய் என்று வரிசையாக எழுதியிருக்கின்றார்கள். அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்து, தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழான விண்ணப்பம், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கான முறைப்பாடு, காணாமல் ஆக்கப்பட்டவர்கள் தொடர்பான எந்த ஆவணமும் நிரப்புவதற்குக் கட்டணம் இல்லை என்று குறிப்பிடப்பட்டிருக்கின்றது. இதை ஏன் முதலில் சொல்கின்றேன் என்றால், நகரில் வேறொரு கடையில் அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும தொடர்பான மேன்முறையீடு ஒன்றை நிரப்பிக் கொடுப்பதற்கு எங்கள் அங்கத்தவர் ஒருவரிடம் 800 ரூபாய் வாங்கினார்கள். அதே வேலையை அதே நாளில் செய்துகொண்ட ஓர் ஆசிரியரிடம் 300 ரூபாய்தான் வாங்கியிருந்தார்கள் என்பது பின்னர்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. விலை எழுதி வைக்காத கடையில் விலை ஆளைப் பார்த்தே சொல்லப்படுகின்றது. ஆளைப் பார்ப்பது என்றால் உடுப்பையும், பேச்சின் சாயலையும், எந்தக் குடியிருப்பிலிருந்து வந்தவர் என்பதையும் பார்ப்பதுதான்.

இலவசமாகச் செய்து கொடுத்தால் கடை எப்படி ஓடும் என்று அந்த மாணவியிடம் ஒரு நாள் கேட்டேன். "இந்த விண்ணப்பத்துக்கு அரசாங்கமே காசு வாங்கிறேல்லை அக்கா. சட்டம் சும்மா தந்ததை நான் எப்படி விக்கிறது? கொப்பியிலையும் லமினேற்றிலையும் கடைக்கு வேண்டியது வருது" என்றார். மற்றப் படிவங்களுக்கு எல்லோரிடமும் ஒரே 100 ரூபாயை வாங்குகின்றார் என்பதையும் நான் கவனித்திருக்கின்றேன். இரக்கப்பட்டு ஒருவருக்கு மட்டும் குறைப்பதில்லை. அவ்வாறு குறைத்தால் வந்தவர் கடமைப்பட்டவராகி விடுவார் என்பது அவருடைய எண்ணம். எனக்கு இது முழுமையாக உடன்பாடான விடயம். எங்கள் பெண்கள் பல வருடங்களாக நிவாரண வரிசைகளில் நின்று நின்று, எதையும் யாரோ தரும் தயவாக வாங்கப் பழகிவிட்டார்கள். காசு கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்கி, பிழை இருந்தால் திருத்தித் தரச் சொல்லிக் கேட்கின்ற உரிமையுடன் ஓர் இடத்தை விட்டு வருவது அவர்களுக்குப் புதிய அனுபவம்.

அடுத்தது வரிசை. மட்டையில் வெட்டிய இலக்கத் துண்டுகள் வாசலில் ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. வருகின்றவர் ஒன்றை எடுத்துக்கொண்டு வாங்கில் இருக்க வேண்டும். கர்ப்பிணிகள், கைக்குழந்தையுடன் வருபவர்கள், மாற்றுத்திறனாளிகள், மிகவும் வயதானவர்கள் ஆகியோரைத் தவிர வேறு எவருக்கும் முன்னுரிமை கிடையாது. கேட்பதற்கு இது சாதாரண ஏற்பாடுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் கோயில் தர்மகர்த்தாவோ, ஓய்வுபெற்ற உத்தியோகத்தரோ கடைக்குள் வந்தால் மற்றவர்கள் தாமாகவே எழுந்து ஒதுங்குவதும், அவருக்குக் கதிரை போடுவதும், அவருடைய வேலையை முதலில் முடிப்பதும் யாரும் சொல்லாமலே நடந்து வருகின்ற வழக்கம். அந்த ஒதுங்கலுக்குள் வயதுக்கான மரியாதையும் இருக்கின்றது, சாதியும் இருக்கின்றது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எங்களில் பெரும்பாலானோர் விரும்புவதில்லை. நான் அங்கிருந்த ஒரு மாலையில், அவ்வாறு எழுந்து நின்ற ஒரு அம்மாவைப் பார்த்து, "நீங்கள் ஏன் எழும்பினீங்கள் அம்மா? இருங்கோ, உங்கட நம்பர்தான் அடுத்தது" என்று மாணவி மிகவும் தன்மையாகச் சொன்னார். வந்த பெரியவருக்கும் அதே தன்மையுடன் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். பெரியவர் அதை மேசையில் வைத்துவிட்டு வெளியேறிவிட்டார். அவர் திரும்பி வரவில்லை என்று கடைக்காரம்மா பின்னர் சொன்னார். ஒரு வாடிக்கையாளரை இழந்த வருத்தம் அவருடைய குரலில் இருந்தது. ஆனாலும் மருமகளை அவர் குறை சொல்லவில்லை.

மேசைக்கு மேலே சுவரில் அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரையின் மூன்றாவது பந்தி பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டப்பட்டிருக்கின்றது. இனம், மதம், மொழி, சாதி, பால் என்பவற்றைக் காரணம் காட்டி, கடைகளுக்கும் உணவுச்சாலைகளுக்கும் தத்தமது மதத்துக்குரிய வழிபாட்டிடங்களுக்கும் ஒருவர் செல்வதைத் தடுக்கக் கூடாது என்று சொல்கின்ற பந்தி அது. சமத்துவம் பற்றிய உறுப்புரை என்றால் நாங்கள் அரசாங்கத்தைப் பற்றியே நினைக்கின்றோம். கடை என்ற சொல் அதிலேயே இருக்கின்றது என்பதை நான் இங்கேதான் முதன்முதலில் வாசித்தேன். சாதியின் பேரால் இடையூறு செய்வதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 ஆம் ஆண்டிலேயே, 21 ஆம் இலக்கச் சட்டமாக வந்துவிட்டது. ஆனால் சட்டம் வந்த அளவுக்கு வழக்கம் மாறவில்லை என்பதை இந்த மாவட்டத்தில் வாழ்கின்ற எவரும் அறிவார்கள்.

இலக்கம் கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே எவருடைய பெயரையும் உரத்துக் கூப்பிடுவதில்லை. பெயரைக் கூப்பிட்டால் மதம் தெரியும், சில வேளைகளில் ஊரும் குலமும் கூடத் தெரியும். அடையாள அட்டையில் ஆணின் பெயரும் வாழ்க்கையில் பெண்ணின் தோற்றமும் கொண்ட ஒரு திருநங்கை அந்த வாங்கில் இருந்தால், பெயரைக் கூப்பிடுகின்ற ஒரு கணமே போதும், கடையில் உள்ள அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பதற்கு. பாலின அங்கீகாரச் சான்றிதழைப் பெற்று ஆவணங்களில் மாற்றம் செய்வதற்கான சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை 2016 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்த நடைமுறையை விளக்குகின்ற தாளொன்று, மற்றப் படிவங்களின் விளக்கத் தாள்களோடு தாளாக, எவரும் கேட்காமலே எடுத்துச் செல்லக்கூடிய தட்டில் வைக்கப்பட்டிருக்கின்றது.

இனி, இந்தக் கடையின் முக்கியமான சேவைக்கு வருகின்றேன். தகவலறியும் உரிமைச் சட்டம் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டமாகும். 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. அரச அலுவலகமொன்றிடம் உள்ள தகவலை எந்தப் பிரசையும் காரணம் சொல்லாமலே கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அதை எழுத்தில் பதிவு செய்வது தகவல் அலுவலரின் கடமை என்றும் சட்டம் சொல்கின்றது. நடைமுறையில், அலுவலகத்துக்குப் போய் வாயால் கேட்கின்ற தைரியம் எங்கள் பெண்களுக்கு இலகுவில் வருவதில்லை. இந்த மாணவி விண்ணப்பம் நிரப்புகின்ற விதத்தை நான் பல தடவைகள் கூர்ந்து பார்த்திருக்கின்றேன். முதலில் பேனாவைத் தொடமாட்டார். வந்தவரை முழுவதும் பேச விடுவார். பேசி முடிந்த பின்னர், "உங்களுக்கு என்ன பேப்பர் கையில வந்தால் இந்தப் பிரச்சினை விளங்கும்?" என்று கேட்பார். பெரும்பாலானவர்கள் குறையைத்தான் சொல்வார்கள், கேட்க வேண்டிய ஆவணம் எது என்பது அவர்களுக்குத் தெரியாது. வீட்டுத்திட்டப் பட்டியலில் தனது பெயர் ஏன் இல்லை என்று அழுகின்ற ஒருவரிடமிருந்து, அந்தக் கிராம அலுவலர் பிரிவின் பயனாளிகள் தெரிவுக்குப் பயன்பட்ட புள்ளித் திட்டமும், தனக்கு வழங்கப்பட்ட புள்ளிகளும், கூட்ட அறிக்கையின் பிரதியும் வேண்டும் என்ற தெளிவான மூன்று வரிகளை அவர் எடுத்துவிடுவார். அதைப் பென்சிலால் எழுதி, உரத்து வாசித்துக் காட்டி, சொன்னது சரிதானா என்று கேட்டு, அதன் பின்னரே பேனாவால் எழுதுவார்.

கையொப்பம் வைத்த பின்னர் ஒரு பிரதியை விண்ணப்பதாரரிடம் கொடுத்து, அலுவலகத்தில் ஒப்படைக்கும்போது இந்தப் பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்கி வாருங்கள் என்று சொல்வார். சுவர்க் கலண்டரில் விடுமுறைகளை விலக்கி 14 வேலை நாட்களை எண்ணி, அந்தத் திகதியை ஒரு கொப்பியில் குறித்து வைப்பார். பதில் வராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்ய வேண்டும், அங்கும் சரிவராவிட்டால் 2 மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குச் செல்லலாம். விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர்கள் பலர் இருக்கின்றார்கள். நாள் எண்ணி வைத்துக்கொண்டு, "அக்கா, அந்த அம்மாவின்ர நாள் முடிஞ்சுது, கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று தொலைபேசி எடுக்கின்ற ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. உரிமை என்று மேடையில் பேசுகின்றவர்களை இந்த மாவட்டம் நிறையவே பார்த்திருக்கின்றது. காலக்கெடு கடந்துபோன உரிமையால் ஒருவருக்கும் பயனில்லை என்பதை விளங்கிக்கொண்டு வேலை செய்வது வேறு தரத்திலான பற்றுறுதி.

எங்கள் சங்க அங்கத்தவர் ஒருவரின் காணி விடயத்தில் இதன் பயனை நான் நேரில் கண்டேன். அவருடைய தகப்பனாருக்கு 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பெர்மிட் காணி, அதாவது அனுமதிப்பத்திரத்தின் பேரில் கிடைத்த அரச காணி இருந்தது. தாயார் ஏற்கனவே காலமாகிவிட்டார். தகப்பனார் தனக்குப் பின்னர் காணி யாருக்கு என்று நியமனம் செய்யாமலே அண்மையில் இறந்துபோனார். மூத்தவர் எங்கள் அங்கத்தவர்தான். தகப்பனை வைத்துப் பார்த்தவரும் அவர், அந்தக் காணியில் கிணறு கட்டித் தோட்டம் செய்கின்றவரும் அவர். ஓர் அலுவலகத்தில் விசாரித்தபோது, ஆண்பிள்ளை இருக்கும்போது பெண்பிள்ளைக்குப் போகாது, தம்பியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். உண்மையில் அந்தக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் மகன்மாரை மகள்மாருக்கு முன்னால் வைத்திருந்த ஒழுங்கு, 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினால் நீக்கப்பட்டுவிட்டது. தகப்பனார் இறந்தது அதற்குப் பின்னர். எத்தனையோ தசாப்தங்களாக வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் பெண்களைக் காணியற்றவர்களாக்கி வைத்த ஒரு விதி மாறிய செய்தி, அந்தக் காணிகளில் வேலை செய்கின்ற பெண்களை இன்னும் வந்து சேரவில்லை. மாணவி வாக்குவாதம் எதற்கும் போகவில்லை. பின்னுரித்து எந்தச் சட்ட ஏற்பாட்டின் அடிப்படையில் தீர்மானிக்கப்படுகின்றது என்பதையும், இந்தக் காணிக் கோவையில் உள்ள குறிப்புகளின் பிரதியையும் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். எழுத்தில் வந்த பதிலில் தம்பியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மகளின் உரித்துக் கோரிக்கையைச் சமர்ப்பிக்கலாம் என்றே இருந்தது. அலுவல் இன்னும் முடியவில்லை, ஆனால் இப்போது அது மகளின் பெயரில் நடக்கின்றது.

இந்த மாணவி மலையகத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை. 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம் போன்ற இடங்களில் குடியேறிய வரலாறு இங்கே எல்லோருக்கும் தெரிந்ததே. இந்த மண்ணில் காடு வெட்டியவர்கள் அவர்கள். வயல்களிலும் கல்லுடைப்பிலும் கூலி வேலை செய்தவர்கள் அவர்கள். போரில் பிள்ளைகளை இழந்தவர்களும் அவர்களே. அப்படியிருந்தும் அவர்களைக் குறிக்க ஓர் இழிசொல் எங்களிடையே இன்றுவரை புழங்குகின்றது. பாடசாலையில் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்ததாக அவர் என்னிடம் சொன்னபோது அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை, எனக்குத்தான் நிலத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதமான இடங்கள் முழு நாட்டுக்குமான திறமை அடிப்படையிலும், 55 வீதமானவை மாவட்ட அடிப்படையிலும், 5 வீதமானவை பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய நான்கும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் அடங்குகின்றன. தான் அந்த 5 வீதத்தில் போனவர் என்பதை இந்த மாணவி மறைப்பதில்லை. உயர்தரப் பெறுபேறு வந்து, பிள்ளைகள் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்ப வருகின்ற நாட்களில், ஒதுக்கீட்டைப் பற்றி யாராவது தாழ்வாகப் பேசினால் மட்டும் அவர் வேலையை நிறுத்திவிட்டு விளக்கம் சொல்வார். இரசாயனவியல் ஆசிரியர் இல்லாத பாடசாலையும், ஆய்வுகூடத்தில் தண்ணீர்க் குழாய் இல்லாத பாடசாலையும், கொழும்பின் பெரிய பாடசாலையும் ஒரே வினாத்தாளுக்கு முகம் கொடுக்கின்றன என்பதிலிருந்து தொடங்குவார். "அந்த இடம் எனக்கெண்டு தந்ததில்லை, கிளிநொச்சிக்குத் தந்தது. நான் அதில இருக்கிறன், அவ்வளவுதான்" என்று ஒரு தடவை சொன்னார். மாலை நேரங்களை அவர் ஏன் இந்த மேசைக்குக் கொடுக்கின்றார் என்று நான் அதற்குப் பிறகு கேட்கவேயில்லை.

மலையக வம்சாவளிக் குடும்பங்களின் பிறப்புப் பதிவு அலுவல்களை அவர் மற்ற எவரையும் விடத் துல்லியமாகச் செய்கின்றார். அவர்களை நாடற்றவர்களாக்கிய 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், இந்தியாவுடன் செய்த 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம், எஞ்சியவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கிய 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் என்று வரிசைப்படுத்தி, வந்திருக்கின்ற முதியவர் எந்தக் கட்டத்துக்குள் வருகின்றார் என்பதைச் சில கேள்விகளிலேயே கண்டுபிடித்துவிடுவார். தோட்டத்தில் பிறந்து பதிவே இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழுக்கான வழியைக் காட்டுவார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, போர் முடிந்த பின்னர் நாச்சிக்குடாவுக்குத் திரும்பி வந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வாக்காளர் பதிவு விடயத்தையும் அதே பொறுமையுடன் செய்து கொடுத்ததைப் பார்த்தேன். தன் சமூகத்துக்காக உழைப்பவர்கள் எங்கும் இருக்கின்றார்கள். இன்னொரு சமூகத்துக்கு எங்கள் சமூகம் செய்த அநியாயத்தையும் அதே மேசையில் வைத்துப் பேசக்கூடியவர்கள் மிகவும் குறைவு.

சனிக்கிழமை காலைகளில் அவருடைய பீடத்தில் படிக்கின்ற, மாத்தறையைச் சேர்ந்த ஒரு சிங்கள மாணவியும் வந்திருப்பார். கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் வருகின்ற கடிதங்களை வாசித்து, தனக்குத் தெரிந்த தமிழில் பொருளைச் சொல்வார். மற்றவர் அதைச் சரியான தமிழில் எழுதுவார். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்துடன் தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழியும் தமிழே. இருந்தும் ஓய்வூதியம், நட்டஈடு, பொலிஸ் அறிவித்தல் என்று எத்தனையோ கடிதங்கள் சிங்களத்தில் வந்து வீடுகளில் வாசிக்கப்படாமல் கிடக்கின்றன. மொழிபெயர்த்துக் கொடுத்ததுடன் இவர்கள் நிறுத்துவதில்லை. தமிழில் பிரதி அனுப்புமாறு கேட்டு ஒரு பதில் கடிதத்தையும் அந்தச் சிங்கள மாணவியே சிங்களத்தில் எழுதிக் கொடுக்கின்றார். தமிழருக்காகத் தமிழர் கேட்பதை விட, ஒரு சிங்களப் பிள்ளை தன் கையால் "இவருக்குத் தமிழில் அனுப்புங்கள், அது அவருடைய உரிமை" என்று எழுதுவது எங்கள் வயதினருக்கு நம்புவதற்கே கடினமான காட்சி. முதல் நாள் வந்தபோது எங்கள் அங்கத்தவர்கள் சிலர் அவருடன் பேசத் தயங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் இன்னும் தயங்குகின்றார். அவருடைய மகன் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். அவரை யாரும் வற்புறுத்துவதில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி வீதியோரப் போராட்டத்தைத் தொடங்கியவர்கள். அவர்களில் சிலர் காணாமல் போனோர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்திருக்கின்றார்கள், பலர் அதில் நம்பிக்கையில்லை என்று மறுத்திருக்கின்றார்கள். காணாமற்போனமைக்கான சான்றிதழை வாங்கினால் பிள்ளையைக் கைவிட்டதாகிவிடும் என்று நினைக்கின்ற தாய்மாரும் உண்டு. விண்ணப்பிக்க வருபவருக்கு விண்ணப்பம், மறுப்பவருக்கு மறுப்புக் கடிதம் என்று கேட்டதை மட்டுமே இந்தக் கடையில் செய்து கொடுக்கின்றார்கள். ஆலோசனை சொல்லித் திருப்ப முயல்வதில்லை. பழைய அடையாள அட்டைப் படங்களைப் பெருப்பித்து, மட்டையில் ஒட்டி, மழைக்கு நனையாமல் லமினேற் செய்து கொடுப்பதற்கும் காசு வாங்குவதில்லை. படம் மங்கியிருந்தால் கணினியில் தெளிவாக்கும்போது, முகம் மாறிவிடாமல் இருக்கத் தாயைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் சம்மதம் கேட்டுச் செய்வதைப் பார்த்திருக்கின்றேன். நெற்றித் தழும்பை அழித்துவிட வேண்டாம் என்று ஒரு தாய் சொல்ல, அழித்ததை மீண்டும் கொண்டுவந்தார்.

கடைக்குள் ஏறுவதற்கான சாய்தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 டிசம்பர் வெள்ளத்தின் பின்னர் தளத்தை ஒன்றரை அடி உயர்த்தியிருந்தார்கள். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் 18 அடிச் சாய்தளம் தேவைப்பட்டது. முன்பக்கத்தில் அவ்வளவு இடம் இல்லாததால் சுவரோரமாகத் திருப்பி, நடுவில் சக்கர நாற்காலி திரும்புவதற்கு ஒரு மேடையும் வைத்துக் கட்டியிருக்கின்றார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 இல் வந்தது, அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. ஆனாலும் போரில் அவயவங்களை இழந்தவர்கள் இத்தனை பேர் வாழ்கின்ற மாவட்டத்தில், பேருக்குச் செங்குத்தாக ஒரு சீமெந்துச் சரிவை வைத்துவிட்டுச் சாய்தளம் என்று சொல்கின்ற கட்டடங்களே அதிகம். இங்கே சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவருடைய தள்ளுதலும் இல்லாமல் உள்ளே வந்து சேர்கின்றார்.

குறைகளும் இருக்கின்றன, அவற்றை மறைப்பது இந்த மாணவிக்கே செய்கின்ற அநீதியாகும். முதலாவது, தனிமை இல்லை. மேசைக்கும் வாங்குக்கும் இடையில் நாலடி தூரம்தான். குடும்ப வன்முறை பற்றி முறைப்பாடு எழுதுவிக்க வந்த ஒரு பெண், வாங்கில் தன் ஊரவர் இருப்பதைக் கண்டு பேசாமல் எழுந்து போனதை நான் பார்த்தேன். பெயரைக் கூப்பிடாமல் காப்பாற்றுகின்ற மானம், கதையைச் சொல்லும்போது போய்விடுகின்றது. ஒரு தட்டி வைத்து மறைத்தாலே போதும். இதை நான் அவரிடம் சொல்லியிருக்கின்றேன், செய்வதாகச் சொன்னார், இன்னும் செய்யவில்லை. இரண்டாவது, பெண்கள் நீண்ட நேரம் காத்திருக்கின்ற இடத்தில் பாவிக்கக்கூடிய மலசலகூடம் இல்லை. மூன்றாவது, மாரியில் சாய்தளத்தின் அடி சேறாகிவிடுகின்றது. அத்தனை கணக்குப் பார்த்துக் கட்டிய சாய்தளத்துக்கு வந்து சேர முடியாமல் சக்கரம் புதைகின்றது. சில லோட் கிறவல் போட்டால் தீர்கின்ற விடயம் இது.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, முழுச் சேவையும் ஒருவருடைய தோளில் இருப்பதுதான். பரீட்சைக் காலத்தில் மாலை வேளைகளில் கொப்பி மட்டும்தான் எடுக்கலாம். அந்த வாரங்களில் நாள் எண்ணுகின்ற கொப்பியும் மூடியிருக்கும். மேன்முறையீட்டுக் காலம் அதற்குள் முடிந்துவிட்டால் அந்த விண்ணப்பதாரரின் நிலை என்ன? அவர் பட்டம் முடித்துக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகின்ற நாள் வரத்தான் போகின்றது, அது அவருடைய உரிமையும் கூட. எங்கள் சங்கத்தில் சாதாரண தரம் படித்த இரண்டு பெண்களை அவரிடம் பழக அனுப்பியிருக்கின்றோம். தகவலறியும் விண்ணப்பத்தை ஒருவர் இப்போது தனியாகவே எழுதுகின்றார். ஏனைய கடைக்காரர்களும் பழக வேண்டும் என்று கேட்டால் சொல்லிக் கொடுக்க அவர் தயாராக இருக்கின்றார், இதுவரை யாரும் கேட்கவில்லை.

இது கடையா அல்லது அரசியலா என்று குறைபட்டுக்கொள்கின்றவர்களும் இருக்கின்றார்கள். ஒருவருடைய பெர்மிட்டை அவருடைய பெயரில் எழுதுவது அரசியல் என்றால், அதை அவருடைய பெயரில் எழுதாமல் விட்டதும் அரசியல்தான் என்பது என்னுடைய பதில். அந்த மாணவி எந்தக் கட்சிக்கும் சுவரொட்டி ஒட்ட இடம் கொடுப்பதில்லை. தேர்தல் காலத்தில் கேட்டு வந்தவர்களையும் விலைப்பலகையைக் காட்டித் திருப்பி அனுப்பினார்.

போக விரும்புகின்றவர்களுக்குச் சில குறிப்புகள். தகவலறியும் விண்ணப்பம், காணி, பிறப்புப் பதிவு போன்ற நேரமெடுக்கின்ற அலுவல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை நல்லது, சனக்கூட்டம் குறைவு. சிங்களக் கடிதங்களைச் சனிக்கிழமை கொண்டு போக வேண்டும். காணி விடயமாகப் போகின்றவர்கள் பெர்மிட்டின் இரண்டு பக்கங்களையும், காணி விசாரணைக் கூட்டமான காணிக் கச்சேரியில் தந்த துண்டு ஏதாவது இருந்தால் அதையும், இறந்தவரின் மரணச் சான்றிதழையும் கொண்டு போனால் இரண்டாவது தடவை அலைய வேண்டியதில்லை. அடிப்படை உரிமை மீறல் என்று நினைக்கின்ற எந்த விடயத்தையும் தள்ளிப் போடக்கூடாது, ஏனென்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கான காலம் ஒரு மாதம் மட்டுமே. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கின்ற காலம் அந்த ஒரு மாதத்துக்குள் கணக்கிடப்படுவதில்லை. வழக்கு என்று வருகின்றவற்றை அவர் தானாகத் தொடுவதில்லை, சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்பி வைக்கின்றார். பரீட்சை நாட்கள் எவை என்பதைக் கடைக் கதவில் முன்கூட்டியே ஒட்டியிருப்பார்கள். தூரத்திலிருந்து, கண்டாவளை, பூநகரிப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகின்றவர்கள், இந்த மாதம் அவர் மேசையில் இருப்பாரா என்பதைத் தெரிந்தவர்களிடம் விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.